பதிலுக்கு இடம் பிடித்து வைக்கும் மொழி

கீழே உள்ள இரண்டு வரிகளையும் வாய்விட்டுப் படியுங்கள்.

உனக்கூலா ஸமாக்கி.

உனக்கூலா ஸமாக்கி?

இது சுவாஹிலி மொழி. முதல் வரிக்குப் பொருள், 'நீ மீன் சாப்பிடுகிறாய்'. இரண்டாவது வரிக்கு, 'நீ மீன் சாப்பிடுகிறாயா?' சொல் எதுவும் கூடவில்லை, குறையவில்லை, இடம் மாறவும் இல்லை. மாறியது உங்கள் குரல் மட்டும்தான். கேள்விக்குறியைப் பார்த்ததும் வரியின் கடைசிப் பக்கம் குரல் தானாக மேலே ஏறியிருக்கும். அவ்வளவுதான், சுவாஹிலியில் உங்கள் முதல் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்!

சுவாஹிலி கிழக்கு ஆப்பிரிக்காவின் மொழி. அந்த ஊர்க்காரர்கள் அதைக் 'கிஸ்வஹீலி' என்கிறார்கள். லாமு, மொம்பாசா, சான்சிபார் போன்ற கடற்கரை ஊர்களிலும் தீவுகளிலும் வளர்ந்து, வணிகர்களோடு உள்நாட்டுக்குப் போன மொழி அது. இன்று தான்சானியாவிலும் கென்யாவிலும் ஆட்சிமொழி. உகாண்டா, ருவாண்டா, புருண்டி, காங்கோ நாடுகளிலும் அதைப் பேசுகிறார்கள். மொத்தம் 20 கோடிப் பேருக்கு மேல் பேசுவதாக யுனெஸ்கோ சொல்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு இது தாய்மொழி இல்லை. வீட்டில் ஒரு மொழி, தெருவிலும் சந்தையிலும் பள்ளியிலும் சுவாஹிலி என்று வளர்ந்தவர்கள். பல மொழிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்காகக் கற்றுக்கொண்ட மொழியில் கேள்வி கேட்கும் முறை எப்படி இருக்கும் என்று பார்ப்பது நல்ல அறிவியல் வேலை.

படிப்பதற்கு முன் உச்சரிப்புக்கு ஒரு விதி. ஒரு சுவாஹிலிச் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும். விதிவிலக்கு மிகக் குறைவு. அதனால் பெரும்பாலும் அந்த அசையை நெடிலாக எழுதியிருக்கிறேன். 'ஸமாக்கி'யில் 'மா', 'உனக்கூலா'வில் 'கூ'. அங்கே சற்று ஊன்றிச் சொல்லுங்கள்.

இப்போது குரலுக்கு வருவோம். தொண்டையில் விரலை வைத்து 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். விரலில் ஓர் அதிர்வு தெரியும். உள்ளே இரண்டு சிறு தசைமடிப்புகள் திறந்து மூடி, திறந்து மூடி அதிர்கின்றன. அவற்றைக் குரல் நாண்கள் என்போம். பேசும்போது வளர்ந்த ஆணுக்கு அவை ஒரு நொடியில் நூறு தடவைக்குச் சற்று மேலும், பெண்ணுக்கு இருநூறு தடவை அளவிலும், உங்களைப் போன்ற சிறுவர்களுக்கு அதைவிட வேகமாகவும் அதிர்கின்றன. குரல்வளையின் முன்பக்கத்தில் ஒரு சின்னத் தசை இருக்கிறது. அது சுருங்கினால் நாண்கள் இழுபட்டு விறைக்கும். விறைத்த நாண் வேகமாக அதிரும், குரல் மேலே ஏறும். 'ஸமாக்கி?' என்று நீங்கள் கேட்டபோது அந்தத் தசை ஒரு கணம் சுருங்கியது. வாக்கியம் கேள்வியானது அங்கேதான்.

கேள்வி என்றால் ஏன் குரல் ஏற வேண்டும், ஏன் இறங்கக் கூடாது? ஜான் ஓஹாலா என்ற ஒலியியல் அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார். உறுமும் நாயின் குரல் தாழ்ந்திருக்கும், கெஞ்சும் நாயின் குரல் உயர்ந்திருக்கும். தாழ்ந்த குரல் 'நான் பெரியவன்' என்று காட்டும், உயர்ந்த குரல் 'நான் சிறியவன், எனக்கு உதவு' என்று காட்டும். கேள்வி கேட்பவருக்குத் தெரியாத ஒன்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் கேட்பவரின் குரல் உயர்கிறது என்பது அவருடைய கருத்து. எனக்கு இது பிடித்த விளக்கம். ஆனால் எல்லா மொழியும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. சரியாகக் காதில் விழாவிட்டால் நாம் 'ஆங்?' என்கிறோம் அல்லவா? நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 31 மொழிகளைப் பார்த்து, எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே மாதிரி ஒரு சொல் இருப்பதாக 2013இல் எழுதினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2015இல் அவர்களுக்குக் கிடைத்தது. பெரும்பாலான மொழிகளில் அந்தச் சொல் ஏறும் குரலில் வந்தது. ஐஸ்லாந்து மொழியில் வேறு மாதிரி, அங்கே அது இறங்கும் குரலில் வருகிறது.

சுவாஹிலி இப்படிக் குரலை வைத்தே கேள்வி கேட்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் சுமார் ஐந்நூறு மொழிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தொனி மொழிகள். ஒரே சொல்லை உயர்ந்த குரலில் சொன்னால் ஒரு பொருள், தாழ்ந்த குரலில் சொன்னால் வேறு பொருள். அப்படிப்பட்ட மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்கெனவே நிறைய வேலை. சுவாஹிலியோ அந்தத் தொனிகளை விட்டுவிட்டது. 'ஸமாக்கி'யை எவ்வளவு ஏற்றி இறக்கிச் சொன்னாலும் மீன் மீன்தான். ஆகவே குரலின் ஏற்றம் கேள்விக்கென்று முழுதாகக் கிடைத்துவிட்டது.

கையில் கணினி இருந்தால் இதைக் கண்ணாலும் பார்க்கலாம். 'ப்ராட்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பவுல் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் இருவரும் உருவாக்கியது. காசு கிடையாது. உங்கள் குரலைப் பதிவு செய்து அதில் திறந்தால், குரலின் ஏற்ற இறக்கத்தை ஒரு கோடாக வரைந்து காட்டும். மேலே உள்ள இரண்டு வரிகளையும் பேசிப் பதிவு செய்து, இரண்டு கோடுகளும் எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள்.

குரல் மட்டும் போதாது என்று தோன்றினால் சுவாஹிலியில் ஒரு சின்னச் சொல் உண்டு. அது 'ஜே'. வாக்கியத்தின் முன்னால் அதைச் சொல்லி, அரை நொடி நிறுத்தி, மீதியைச் சொல்ல வேண்டும். 'ஜே, உனக்கூலா ஸமாக்கி?' இதற்குப் பிறகு சந்தேகமே இல்லை, இது கேள்விதான்.

தமிழில் இந்த வேலையைச் செய்வது 'ஆ'. ஆ, எ, ஏ, ஓ, யா என்று ஐந்து வினா எழுத்துகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சாப்பிடுகிறாய் + ஆ = சாப்பிடுகிறாயா. நம் 'ஆ' கடைசியில் ஒட்டிக்கொள்கிறது, அவர்கள் 'ஜே' முன்னால் தனியாக நிற்கிறது. தமிழில் முழு வாக்கியத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் இது கேள்வி என்று உறுதியாகும். சுவாஹிலியில் 'ஜே' என்றதுமே எதிரில் இருப்பவர் பதிலுக்குத் தயாராகிவிடுவார். பெரிய கூட்டத்திலும் வானொலியிலும் பேசுகிறவருக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் இதே கேள்வியைக் கேட்கப் போனால் சொற்களை இடம் மாற்ற வேண்டும். 'யூ ஆர் ஈட்டிங்' என்பது 'ஆர் யூ ஈட்டிங்' ஆக வேண்டும். இதில் தடுமாறாத பிள்ளை நம் ஊரில் இல்லை. தடுமாறுவதற்காக வெட்கப்பட வேண்டியதும் இல்லை, ஏனென்றால் உலகத்தில் அது அபூர்வமான வழக்கம். மாத்யூ டிரையர் என்ற மொழியியலாளர் 'ஆம், இல்லை' என்று பதில் சொல்லும் கேள்விகளை 955 மொழிகளில் ஒப்பிட்டார். 585 மொழிகள் ஒரு தனிக் கேள்விச் சொல்லை வைத்துக் கேட்கின்றன. 173 மொழிகள் குரலை மட்டும் மாற்றுகின்றன. சொற்களின் வரிசையை மாற்றிக் கேட்பவை வெறும் 13. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் இருக்கின்றன. மெக்சிகோ நாட்டு மலைப்பகுதியில் பேசப்படும் ஒரு மிஷ்டெக் மொழியில் கூற்றுக்கும் கேள்விக்கும் சொல்லிலும் குரலிலும் எந்த வேறுபாடும் இல்லை என்றும் அந்தப் பட்டியல் சொல்கிறது. அங்கே இடம் பொருள் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆம், இல்லை என்ற பதில் போதாத கேள்விகள் இருக்கின்றனவே. யார், என்ன, எங்கே, எப்போது? இவற்றுக்குச் சுவாஹிலியில் நானி, நீனி, வாப்பி, லீனி. நானி யார், நீனி என்ன, வாப்பி எங்கே, லீனி எப்போது. ஒவ்வொன்றும் இரண்டே அசை, எல்லாம் 'இ'யில் முடிகின்றன. இரண்டு தடவை சொன்னால் மனதில் நின்றுவிடும்.

இவற்றை வாக்கியத்தில் எங்கே வைப்பது? இங்கேதான் சுவாஹிலியின் அழகு இருக்கிறது. ஜூமா என்று ஒரு பையன். 'ஜூமா அனக்கூலா ஸமாக்கி' என்றால் 'ஜூமா மீன் சாப்பிடுகிறான்'. சுவாஹிலியில் செய்பவர் முதலில், வினை நடுவில், மீன் கடைசியில். இப்போது சாப்பிடுவது யார் என்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஜூமாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'நானி' வையுங்கள். 'நானி அனக்கூலா ஸமாக்கி?' என்ன சாப்பிடுகிறான் என்று தெரியவில்லையா? மீனை எடுத்துவிட்டு 'நீனி' வையுங்கள். 'ஜூமா அனக்கூலா நீனி?' சந்தையில் என்பதற்கு 'ஸொக்கோனி'. 'ஜூமா அனக்கூலா ஸமாக்கி ஸொக்கோனி' என்பதில் இடம் தெரியாவிட்டால், 'ஜூமா அனக்கூலா ஸமாக்கி வாப்பி?' நாளைக்கு என்பதற்கு 'கேஷோ'. 'ஜூமா அத்தக்கூலா ஸமாக்கி கேஷோ' என்றால் 'ஜூமா நாளைக்கு மீன் சாப்பிடுவான்'. நாள் தெரியாவிட்டால், 'ஜூமா அத்தக்கூலா ஸமாக்கி லீனி?'

பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் ஏறி வரும் வரை இருக்கையில் துண்டு கிடக்கும். ஆள் வந்ததும் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். சுவாஹிலியில் கேள்விச் சொல் அந்தத் துண்டு. பதில் எந்த இடத்தில் வந்து உட்காரப் போகிறதோ அதே இடத்தில் கேள்விச் சொல் காத்திருக்கிறது. பதில் சொல்பவர் துண்டை எடுத்துவிட்டு விடையை வைத்தால் போதும், மற்ற சொற்கள் அசைய வேண்டியதில்லை.

தமிழும் பெரும்பாலும் இப்படித்தான். 'நீ என்ன சாப்பிடுகிறாய்?' 'நான் தோசை சாப்பிடுகிறேன்.' 'என்ன' இருந்த இடத்தில் 'தோசை'. ஆங்கிலத்தைப் போல் கேள்விச் சொல்லைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைக்க வேண்டிய கட்டாயம் நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது. ஒன்று திராவிடக் குடும்பம், மற்றது பாண்டுக் குடும்பம். உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுவாஹிலிக் கேள்வி எளிதாக வரும் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஏன் என்று கேட்க மட்டும் இரண்டு சொல். 'க்வா நீனி' ஒன்று, 'ம்போனா' மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் வாக்கியத்தின் முன்னால் வரும். 'க்வா நீனி உனலீயா?' என்றால் 'ஏன் அழுகிறாய்?' காரணத்தைத் தெரிந்துகொள்ளும் சாதாரணக் கேள்வி. 'ம்போனா உனலீயா?' என்றால் 'என்னது, அழுகிறாயே, ஏன்?' என்ற வியப்பு சேர்ந்துவிடும். கேட்பவர் எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது என்று பொருள். வகுப்பறையில் ஆசிரியரிடம் பாடத்தில் சந்தேகம் கேட்க 'க்வா நீனி'தான் சரி. தெரியாமல் 'ம்போனா' என்று ஆரம்பித்தால் குறை சொல்வது போல் ஆகிவிடலாம்.

'எப்படி' என்பதற்கு 'வீப்பி' என்று தனிச் சொல் உண்டு. ஆனால் அதைவிட வேடிக்கையான வழி ஒன்று இருக்கிறது. முன்னால் பார்த்தோமே, அதே 'ஜே' இப்போது வினைச்சொல்லின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும். 'உனஸேமா' என்றால் 'நீ சொல்கிறாய்'. 'உனஸெமாஜே?' என்றால் 'எப்படிச் சொல்கிறாய்?' அழுத்தம் எங்கே போனது என்று கவனித்தீர்களா? 'உனஸேமா'வில் 'ஸே' மேல் இருந்தது. வாலில் ஓர் அசை கூடியதும் கடைசிக்கு முந்தைய அசை 'மா' ஆகிவிட்டது. அழுத்தமும் ஓரடி நகர்ந்து 'மா' மேல் போய் நின்றுகொண்டது. ஜே முன்னால் தனியாக நின்றால் 'ஆமா, இல்லையா' கேள்வி, வாலில் ஒட்டினால் 'எப்படி' கேள்வி. சொல் ஒன்று, இடம் இரண்டு, வேலை இரண்டு.

இனி வருவது 'எத்தனை'. சுவாஹிலி கற்கிறவர்கள் கொஞ்சம் மூச்சு வாங்கும் இடம் இது. எனக்கு இந்த மொழியிலேயே மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

எத்தனை என்பதற்கு 'ங்காப்பி'. ஆனால் அது பெரும்பாலும் தனியாக வராது. எண்ணப்படும் பொருள் எந்த வகுப்போ, அந்த வகுப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். சுவாஹிலியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. மனிதர்கள் ஒரு வகுப்பு. ஒரு குழந்தை 'ம்த்தோத்தோ', பல குழந்தைகள் 'வத்தோத்தோ'. முன்னொட்டு 'வ' ஆகிறது. ஆகவே எத்தனை குழந்தைகள் என்பதற்கு 'வத்தோத்தோ வங்காப்பி?' மரங்கள் வேறு வகுப்பு. ஒரு மரம் 'ம்த்தி', பல மரங்கள் 'மீத்தி'. எத்தனை மரங்கள் என்றால் 'மீத்தி மிங்காப்பி?' முட்டை 'யாயி', முட்டைகள் 'மயாயி'. 'மயாயி மங்காப்பி?' நாற்காலி, கத்தி போன்ற கருவிகளும் பொருள்களும் நிறைய இருக்கும் வகுப்புக்கு ஒருமையில் 'கி', பன்மையில் 'வி'. நாற்காலி 'கீத்தி', நாற்காலிகள் 'வீத்தி'. 'வீத்தி விங்காப்பி?' பெயரும் கேள்விச் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குவதைக் காதால் கேளுங்கள். நம் செய்யுளில் வரும் மோனை போல் ஒலிக்கிறது.

இந்தக் 'கி-வி' வகுப்பில் ஒரு விருந்தாளி இருக்கிறார். அவர் புத்தகம். சுவாஹிலியில் புத்தகத்துக்குக் 'கித்தாபு' என்று பெயர், அரபு மொழியிலிருந்து வந்தது. அரபியில் அந்தக் 'கி' முன்னொட்டு கிடையாது, சொல்லின் உடம்பிலேயே உள்ள எழுத்து. சுவாஹிலிக்காரர்களின் காதுக்கு அது தங்கள் 'கி' போலவே கேட்டது. உடனே பன்மையை 'வித்தாபு' என்று ஆக்கிவிட்டார்கள்! 'வித்தாபு விங்காப்பி?' என்று கேட்டால் 'எத்தனை புத்தகங்கள்?'

இப்போது சிங்கத்துக்கு வருவோம். 'ஸிம்பா' என்றால் சிங்கம், திரைப்படம் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்தான். சிங்கத்தின் வகுப்பு வாழைப்பழம் இருக்கும் வகுப்பு. அந்த வகுப்பில் ஒருமைக்கும் பன்மைக்கும் பெயர் மாறாது, 'எத்தனை'யும் சட்டை போடாமல் வெறும் 'ங்காப்பி'யாகவே வரும். அப்படியானால் 'ஸிம்பா ங்காப்பி?' என்றுதானே இருக்க வேண்டும்? இல்லை. 'ஸிம்பா வங்காப்பி?' என்றுதான் கேட்பார்கள். நீர்யானைக்குக் 'கிபோக்கோ' என்று பெயர். பன்மை 'விபோக்கோ', நாற்காலியைப் போலவே. ஆனாலும் 'விபோக்கோ வங்காப்பி?' தான். உயிரோடு நடமாடும் எதுவாக இருந்தாலும், அதன் பெயர் எந்த வகுப்பில் இருந்தாலும், கேள்வியில் அது மனிதர்களோடு சேர்ந்துவிடும். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, எறும்பு, மீன் எல்லாம் குழந்தைகளோடு ஒரே வரிசையில் நிற்கின்றன.

தமிழ் வேறு மாதிரி பிரித்திருக்கிறது. மக்கள் உயர்திணை, விலங்கும் மரமும் கல்லும் அஃறிணை. சிங்கம் வந்தது, நாற்காலி வந்தது. இரண்டுக்கும் ஒரே முடிவு. சுவாஹிலி கோடு போடுவது உயிருள்ள விலங்குக்கும் மற்றவற்றுக்கும் நடுவில். ஆண், பெண் என்ற கோடு அதில் கிடையவே கிடையாது. 'அனக்கூலா' என்றால் சாப்பிடுகிறான், சாப்பிடுகிறாள், சிங்கத்தைச் சொன்னால் சாப்பிடுகிறது. ஒரு மொழி உலகத்தை எங்கே வெட்டிப் பிரிக்கிறது என்பது அதன் கேள்விகளிலேயே தெரிந்துவிடுகிறது.

இத்தனை சட்டைகளையும் உடனே மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். 'கானி' என்று ஒரு சொல் இருக்கிறது ('தங்கம்' என்பதில் வரும் மெல்லிய க). 'என்ன மாதிரி, என்ன வகை' என்று பொருள். இது எந்த வகுப்புக்கும் மாறாது. 'கித்தாபு கானி?' என்ன புத்தகம்? 'ம்த்தி கானி?' என்ன மரம்? சந்தையில் 'பெயி கானி?' என்றால் 'என்ன விலை?' புதிதாகக் கற்பவர்கள் கானியில் தொடங்குவது நல்லது.

சட்டை போடாத வெறும் 'ங்காப்பி'யோடு வரும் கேள்விகளில் முக்கியமானது 'ஸா ங்காப்பி?' மணி எத்தனை? கேட்பது எளிது. பதிலில்தான் வெளியூர்க்காரர்கள் தலைசுற்றிப் போவார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு தான்சானியப் பாட்டியிடம் கேட்டால் 'ஸா மோஜா' என்பார். மோஜா என்றால் ஒன்று. அதாவது, மணி ஒன்று! எட்டு மணிக்குக் கேட்டால் மணி இரண்டு. நண்பகல் பன்னிரண்டுக்கு மணி ஆறு. பாட்டியின் கடிகாரம் பழுதாகவில்லை. அவர்கள் பகலின் மணிகளைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள். மாலை ஆறு ஆனதும் இரவின் மணிகளை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். இரவு ஏழு மணியும் 'ஸா மோஜா'தான், இரவு என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

இப்படி எண்ணுவது அங்கே நடைமுறைக்கு ஏன் ஒத்துவருகிறது என்பதற்குப் புவியியலில் பதில் இருக்கிறது. சுவாஹிலி பேசும் நாடுகள் நிலநடுக்கோட்டை ஒட்டியவை. நைரோபி நகரம் கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை தெற்கே இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் பத்து நிமிடம் போலத்தான். சென்னையில் அது சுமார் ஒன்றரை மணி நேரம். லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் மேல். லண்டனில் சூரியோதயத்திலிருந்து மணி எண்ணினால் ஜூன் மாதத்துக் காலை ஏழும் டிசம்பர் மாதத்துக் காலை ஏழும் எங்கெங்கோ போய்விடும். நிலநடுக்கோட்டுப் பக்கத்திலோ சூரியனே நம்பகமான கடிகாரம், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நாள்தோறும் வந்துவிடுகிறது. நம் முன்னோர்களும் நாழிகையைச் சூரியோதயத்திலிருந்துதான் எண்ணினார்கள். 24 நிமிடம் ஒரு நாழிகை, ஒரு நாளுக்கு 60. ஆகவே பாட்டியின் கணக்கு நம் கொள்ளுத்தாத்தாவுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். நீங்கள் அங்கே போய் 'பேருந்து எத்தனை மணிக்கு?' என்று கேட்டு 'இரண்டு' என்று பதில் வந்தால், ஆறைக் கூட்டி எட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் சொல்வதில் தமிழரும் சுவாஹிலிக்காரரும் ஒத்துப்போகும் இன்னோர் இடம் உண்டு. 'ஹுஜாலா?' என்றால் 'நீ இன்னும் சாப்பிடவில்லையா?' சாப்பிடாத பிள்ளை என்ன சொல்லும்? 'ந்தீயோ, ஸிஜாலா.' அதாவது, 'ஆமா, சாப்பிடவில்லை.' நாமும் அப்படித்தானே சொல்வோம்? ஆங்கிலத்தில் இதற்கு 'நோ' என்று சொல்ல வேண்டும் என்று கற்பிக்கிறார்கள், நமக்கு அது என்றைக்குமே கொஞ்சம் உறுத்தல். கேட்டவர் சொன்னது சரி என்றால் 'ஆமா'. இதுதான் தமிழ் வழக்கம், சுவாஹிலி வழக்கமும் இதுதான். சாப்பிட்டிருந்தால் 'ஹப்பானா, நிமெக்கூலா', 'இல்லை, சாப்பிட்டுவிட்டேன்'.

அங்கே யாரையாவது சந்தித்தால் பேச்சே கேள்வியில்தான் தொடங்கும். 'ஹுஜாம்போ?' நலமா? 'ஸிஜாம்போ', நலம். கேள்விக்கும் பதிலுக்கும் முதல் அசைதான் வித்தியாசம். 'ஹு' உன்னைக் குறிக்கிறது, 'ஸி' என்னை. ஒரு கூட்டத்தைக் கேட்டால் 'ஹம்ஜாம்போ?' கூட்டம் சொல்லும் பதில் 'ஹத்துஜாம்போ'. பிறகு 'ஹபாரி' என்ற நல விசாரிப்பு தொடங்கும். காலை எப்படி, வீடு எப்படி, பள்ளி எப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 'ன்ஸூரி', நன்று என்று பதில். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தாலும் முதலில் ன்ஸூரி, அதற்குப் பிறகுதான் காய்ச்சல் விஷயம். ஆனால் உங்களைவிடப் பெரியவர்களைப் பார்த்தால் கேள்வியில் தொடங்கக் கூடாது. 'ஷிக்கமோ' என்று வணக்கம் சொல்ல வேண்டும். அவர் 'மரஹாபா' என்று ஏற்றுக்கொண்ட பிறகு நலம் விசாரிக்கலாம்.

விளையாட்டிலும் கேள்வி உண்டு. ஒருவர் 'கித்தெண்டவீலி!' என்பார். விடுகதை என்று பொருள். மற்றவர்கள் 'தேகா!' என்பார்கள், 'போடு!' என்று. உடனே அவர், தன் வீட்டுக்குக் கதவே இல்லை என்பார். யோசியுங்கள். சுவாஹிலி விடுகதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஜே இல்லை, நீனி இல்லை, குரலும் ஏறாது. வெறும் கூற்றாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். 'தேகா' என்று கேட்டுக்கொண்டதனாலேயே அது கேள்வி ஆகிவிட்டது. விடை தெரியாதவர்கள் தோற்றதாக ஒப்புக்கொண்டு ஓர் ஊரைப் பரிசாகக் கொடுக்க வேண்டும். கேள்வி போட்டவர் ஊரை வாங்கிக்கொண்டு விடையைச் சொல்வார். கதவில்லாத வீடு முட்டை.

ஜூலை 7 உலகக் கிஸ்வஹீலி நாள். யுனெஸ்கோ 2021இல் அறிவித்தது, 2022 முதல் கொண்டாடுகிறார்கள். 1954ஆம் ஆண்டு அதே நாளில்தான், இன்றைய தான்சானியாவில் ஜூலியஸ் நைரேரே தலைமையிலான டானு கட்சி, சுவாஹிலியை விடுதலைப் போராட்டத்தின் மொழியாக எடுத்துக்கொண்டது. நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாட்டின் முதல் அதிபரான அவர் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். மக்கள் அவரை இன்றும் 'ம்வலீமு', ஆசிரியர் என்றுதான் அழைக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் உள்ள நாற்காலிகள், முட்டைகள், புத்தகங்கள், குழந்தைகள், வாசலில் உள்ள மரங்கள் ஆகியவற்றைச் சுவாஹிலியில் 'எத்தனை' என்று தம்பி தங்கையிடம் கேளுங்கள். ஐந்து கேள்விக்கும் சட்டை சரியாக இருக்கிறதா என்று இந்தப் பக்கத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூனைக்குப் 'பாக்கா' என்று பெயர். அதற்கு 'எத்தனை' என்ன சட்டை போடும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.